கடைந்தவர் ஓடக் கூடாது

பிரதோஷ வேளையில நம்ம எடப்பாடி நஞ்சுண்டேஸ்வரரை நினைச்சுட்டு வேற எந்தக் கதையைப் பேசறதுங்க? முன்னால வாங்கம்மா, தூணுக்குப் பின்னால உட்கார்ந்தா தூக்கந்தான் வரும்.

பாற்கடலைக் கடைஞ்ச கதைங்க. மந்தர மலை மத்து, வாசுகிப் பாம்பு கயிறு. உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அமுதம் வேணும்னு கடைஞ்சது யாரு? தேவரும் அசுரரும். விஷம் வந்ததும் ஓடினது யாரு? அதே ஆளுங்க! கயித்தைப் புடிச்சு இழுத்த அத்தனை கையும் எங்கீங்க போச்சு? கடையாத நம்ம அப்பன் சிவன்தான் வாங்கிக் குடிச்சான்.

நம்ம காலத்துக் கடைசல் ஒண்ணு சொல்றேன். கிளாஸ்கோவுல இயான் டொனால்டுன்னு ஒரு மகப்பேறு டாக்டர். இரும்புத் தகட்டுல விரிசல் பாக்கற ஒலிக்கருவியை எடுத்து, வயித்துல இருக்கறது கட்டியா குழந்தையான்னு பார்த்தார். 1958-ல லான்செட் இதழ்ல எழுதினார். அதுதான் இன்னிக்கு நாம எடுக்கற ஸ்கேன். எத்தனை தாயைக் காப்பாத்தியிருக்கு! அது அமுதம். அந்த மனுசன் கருக்கலைப்பையே எதிர்த்தவர்.

அது நம்ம நாட்டுக்கு வந்தப்ப என்ன பண்ணுனோம்? பொண்ணான்னு பார்த்தோம், பொண்ணுன்னா கலைச்சோம். தலையைக் குனியாதீங்க, கேளுங்க. பொறந்த பொண்ணுக்குக் கள்ளிப்பால் ஊத்திக் கொன்னுருவாங்கன்னு பயந்து தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல தொடங்குனது நம்ம சேலத்துலதானுங்க. பொறந்த பின்னாடி செஞ்ச பாவத்தைப் பொறக்கறதுக்கு முன்னாடியே செய்ய மிஷின் வந்துருச்சு. 2001 கணக்குல சேலம் மாவட்டத்துல ஆறு வயசுக்குள்ள 1000 பையனுக்கு 851 பொண்ணு. 2011-ல 916 ஆச்சு. சந்தோசம். ஆனா மிச்சப் புள்ளைங்க எங்க சாமி?

டொனால்டு பாவியா? இல்லீங்க, விஷம் வரும்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகும் செஞ்சு வித்தவன்? "நான் மிஷின்தான் வித்தேன், கொன்னது அவங்க"ன்னா அது ஓடின தேவர் பேச்சு! வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு பாக்கறதைத் தடுக்க 1994-ல சட்டம் வந்துச்சு. 2003 திருத்தம், பதிவில்லாத இடத்துக்கு அந்த மிஷினை விக்கவே கூடாதுன்னு வித்தவன் கையையும் புடிச்சுது. அது தர்மம்.

தம்பி, போனை உள்ள வை. உன்னைத்தான் சொல்றேன். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கற நம்மூருப் பசங்களுக்கும் இதேதான். அடுத்த வீட்டுப் பொண்ணு முகத்தை ஒட்டிப் பொய்ப்படம் செய்யற கருவியைப் பண்ணிக் கொடுத்துட்டு, "எப்படிப் பயன்படுத்தறாங்களோ எனக்கென்ன"ன்னு சொல்லாதே கண்ணு. செய்யறப்பவே பூட்டும் போடு. விஷம் வந்துச்சா? நில்லு. நிறுத்து. திருத்து. சம்பளம் போனாலும் போகட்டும்.

வாங்கறவங்களுக்கும் சொல்றேன். கேக்க ஆளிருந்தாத்தானே விக்க ஆளிருக்கும்? "என்ன குழந்தை"ன்னு ஸ்கேன் ரூமுல கேக்காதீங்க. பொறந்ததும் பேர் வெச்சுக் கூப்பிடுங்க.

எல்லாரும் சொல்லுங்க, சத்தமா: கடைஞ்சவன் ஓடக் கூடாது!