உப்பும் விலையும்

வேறொரு பள்ளிக்கூடத்தில் மாசம் மூவாயிரம் கூடத் தருவதாகச் சொன்னார்கள். எங்கள் தாளாளரிடம் போய் அதைச் சொல்லிச் சம்பளம் ஏற்றக் கேட்டேன். "உப்பத் தின்ன எடத்துலயே வெல பேசுறியா?" என்றார். போன வருசம் மேல்சாதி ஆசிரியர் ஒருத்தர் இப்படித்தான் கேட்டு வாங்கினார். அவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். எனக்கு மட்டும் விசுவாசப் பரீட்சை.

என் தாத்தா படியாள். முன்பணம் வாங்கின களத்தை விட்டு அடுத்த களத்துக்குப் போனதற்காகக் கட்டிவைத்து அடித்தார்கள். 1976ஆம் வருசத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக்குச் சொல்லும் அடையாளங்களில் ஒன்று, வாங்கிய கடனுக்காக வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பது. உழைப்பின் பலனைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழப்பது இன்னொன்று. தாத்தாவிடம் பறித்ததைத்தானே நான் கேட்டேன்? இதில் துரோகம் எங்கே வந்தது?

ஆனாலும் மனசு உறுத்தியது. போகிற எண்ணமில்லாமல் போவேன் என்றால் அது பொய். போகத் துணிந்துதான் கேட்டேன். இரண்டாயிரம் ஏற்றினார்கள், இருந்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பறை கூட்டும் அக்கா, "எனக்கும் கேளு தம்பி" என்றார். அவரை எந்தப் பள்ளிக்கூடம் கூப்பிடப் போகிறது? அவருக்குச் சங்கம்தான் வேணும். எங்கள் பள்ளியில் அது இன்னும் இல்லை.