இலவச வெந்நீரில் விரயம் உண்டா?

"மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்துவிட்டோம். வெயிலுக்கு யாரும் காசு கேட்பதில்லை. இனி எவ்வளவு ஊற்றிக் குளித்தால் என்ன?" என்று கேட்போர் நம்மிடையே இருக்கிறார்கள். காசு செலவானால்தான் விரயம் என்பது இவர்களின் எண்ணம். இது சரிதானா என்று சிந்திப்போம்.

நீரை மிகுதியாக ஊற்றி உளூச் செய்துகொண்டிருந்த ஸஅத் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் அது விரயமே என உணர்த்தினார்கள். இப்னு மாஜாவில் வரும் இவ்வறிவிப்பின் தொடரில் சிலர் பலவீனம் கண்டிருக்கிறார்கள். எனினும் அண்ணலார் ஒரு 'முத்து' நீரில் உளூவும், நான்கு அல்லது ஐந்து 'முத்து' நீரில் குளிப்பும் முடித்ததாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒரு முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவே. ஆற்று நீருக்கு எவரும் விலை கொடுப்பதில்லை. ஆகவே விரயம் என்பது பணப்பையைப் பற்றிய கணக்கன்று. நிஃமத்தை நாம் நடத்தும் முறையைப் பற்றியது.

அந்த வெந்நீர் உண்மையில் இலவசமும் அன்று. தொட்டியிலிருந்து குளியலறை வரை 15 மீட்டர் அரை அங்குலக் குழாய் இருந்தால், அதற்குள் லிட்டர் கணக்கில் நீர் நிற்கும். இரவில் அது ஆறிவிடும். ஸுப்ஹு வேளையில் வெந்நீர் வரும்வரை அதைச் சாக்கடையில் விடுகிறோம். ஒவ்வொருவரும் நீண்ட இடைவெளி விட்டுக் குளித்தால் ஒவ்வொரு முறையும் இதே நஷ்டம்.

மேகமூட்டமான நாளில் தொட்டியிலுள்ள மின்கம்பி வேலை செய்கிறது. 20 லிட்டர் வாளி நீரை 25 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க, ஒரு யூனிட்டில் மூன்றிலொரு பங்கு மின்சாரம் வேண்டும். அதற்காக நெய்வேலியில் பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எரிக்கிறார்கள்.

இதைவிடப் பெரியது அடியாரின் ஹக்கு. வெந்நீர் வெளியேற வெளியேறத் தொட்டியில் தண்ணீர் புகும். முதலில் குளிப்பவர் தாராளமாக ஊற்றினால், கடைசியில் வருபவருக்குக் குளிர்ந்த நீரே மிஞ்சும். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும், எல்லோருக்கும் பசியாற ஆக்கிவைத்துவிட்டு வரும் வீட்டுப் பெண்மணியே. அவர் பங்கை நாம் ஊற்றித் தீர்த்தது எந்த ரசீதிலும் வராது.

வெந்நீரே கூடாது என்று நாம் சொல்லவில்லை. குளிரில் உடலுக்கு இதமளிப்பது ஆகுமான காரியமே. ஆனால் குழாய்க்கு வெப்பம் காக்கும் உறை போடலாம். முதலில் வரும் ஆறிய நீரை வாளியில் பிடித்துத் துணி துவைக்கலாம். ஒருவர் பின் ஒருவராகத் தாமதமின்றிக் குளிக்கலாம். மின்கம்பியின் சுவிட்சைத் தேவையான நேரத்தில் மட்டும் போடலாம். ஓயாமல் சூடேற்றி வைக்கும் தொட்டி, எவரும் குளிக்காதபோதும் வெப்பத்தை இழந்துகொண்டேயிருக்கும்.

குறைவாக இருக்கும்போது சிக்கனம் எல்லோருக்கும் வரும். நிறைவாக இருக்கும்போது கையை அடக்குவதே பேணுதல். அந்தப் பேணுதலை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.