மாலை போட்ட பிறகு

டார்ஜிலிங் மலை ரயில், அரிசி விலையால் பிறந்தது என்றால் நம்புவீர்களா?

அடிவாரத்தில் இருக்கும் சிலிகுரியில் அன்று ஒரு டன் அரிசி 98 ரூபாய். அதுவே மாட்டுவண்டியில் மலையேறி டார்ஜிலிங் போனால் 238 ரூபாய்! கிழக்கு வங்காள ரயில்வேயின் ஏஜென்ட் ஃபிராங்க்ளின் பிரெஸ்டேஜ் இந்தக் கணக்கைச் சொல்லித்தான், வண்டிப்பாதை ஓரமாகவே தண்டவாளம் போட அனுமதி கேட்டார். 1879-ல் வேலை ஆரம்பித்து, 1881-ல் ரயில் டார்ஜிலிங்கைத் தொட்டுவிட்டது. தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. வளைந்து வளைந்தும், கொஞ்சம் பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தும், 7,407 அடி உயரத்து கூம் ஸ்டேஷனை எட்டிவிடும்.

1999-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2005-ல் நம்ம ஊட்டி ரயிலும், 2008-ல் கால்கா - சிம்லா ரயிலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

சரி, இப்போது? அரிசி லாரியில் போகிறது. ஊர்க்காரர்கள் ஷேர் ஜீப்பில் போகிறார்கள். ரயிலில் போகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்தான்.

பிறந்த காரியம் முடிந்துபோன ஒன்றை எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?

வீட்டில் பாட்டிக்கு எண்பது வயதாகிறது. மாலை போடுகிறோம், காலில் விழுகிறோம். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் பாட்டி, சும்மா உட்காருங்க" என்கிறோம். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அறுபது வருஷம் அடுப்படியை ஆண்டவரிடம் அப்படிச் சொல்வது மரியாதைதானா?

அந்த மலை ரயிலில் ஒரு விஷயம் உண்டு. மழையிலும் பனியிலும் தண்டவாளம் வழுக்கும். நீராவி எஞ்சினின் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து கையால் மணல் தூவிக்கொண்டே போவார்கள். எந்த வளைவில், எவ்வளவு மணல்? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பழக வேண்டிய வித்தை அது. எஞ்சினை மியூசியத்தில் நிறுத்தினால் இரும்பு பிழைத்துக்கொள்ளும். வித்தை செத்துப்போகும்.

2010-லும் 2011-லும் நிலச்சரிவில் பாதை அறுந்தது. சரிசெய்து, 2015 கடைசியில்தான் முழுத் தூரமும் மறுபடி ரயில் ஓடியது. 'டூரிஸ்ட் ரயிலுக்கு இவ்வளவு செலவா?' என்று கேட்கலாம். கணக்குப் புத்தகப்படி நியாயமான கேள்விதான். ஆனால் நிறுத்திவிட்டால், ஒரு தலைமுறையில் மணல் தூவத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்களே! அதன்பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் அந்தக் கையை வாங்க முடியுமா?

பாதுகாப்பது என்றால் துடைத்து வைப்பது அல்ல, வேலை கொடுப்பது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களைச் சுமப்பதும் வேலைதான். ஊர்ப் பிள்ளைகளுக்கும் சாதாரண டிக்கெட்டில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

பாட்டிக்கு மாலை போடுங்கள். கூடவே, "ஊறுகாய்க்கு உப்பு போதுமா பாட்டி?" என்றும் கேளுங்கள்.