அறிவுச் செருக்கும் ஒரு சிட்டிகை உப்பும்

செல்வச் செருக்கை நாம் கண்டிக்கிறோம். குலச் செருக்கையும் கண்டிக்கிறோம். ஆனால் அறிவுச் செருக்கைக் காணும்போது மட்டும் நமக்குச் சினம் பிறப்பதில்லை. "அவன் மூளை, அவன் பெருமைப்படுகிறான், அதில் என்ன குற்றம்?" என்று விட்டுவிடுகிறோம். மந்தமான பிள்ளையை "மக்கு" என்று அழைப்பதும் நமக்குப் பெரிய தவறாகத் தோன்றுவதில்லை. பணம் வரும், போகும். அறிவோ ஒருவனுக்கே சொந்தம் என்பது நமது எண்ணம். அந்த எண்ணம் சரிதானா? நமது உடலில் அடங்கியுள்ள பொருள்களைக் கொண்டே இதனைச் சிறிது ஆராய்வோம்.

மனித உடலின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுண்ணாம்புச்சத்து ஏறத்தாழ 1 கிலோ உண்டு. அதில் 100க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரும்போ 4 கிராம் அளவுதான். ஓர் ஆணிக்குத்தான் காணும். ஆயினும் நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை இரத்தத்தின் வழியே உடலெங்கும் சுமந்து செல்வது அந்த இரும்பே. அயோடின் இன்னும் சொற்பம்: 15 முதல் 20 மில்லிகிராம் வரை. அதிற் பெரும்பகுதி கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பியில் தங்கியிருக்கிறது.

இந்தச் சொற்பத்தைக் கொண்டுதான் அச்சுரப்பி தைராக்ஸின் என்னும் நீரைச் சுரக்கிறது. அது போதிய அளவு கிடைக்காவிட்டால் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றிவிடும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அயோடின் எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் 150 கூறு. எழுபது ஆண்டு வாழ்நாளுக்கும் சேர்த்து 4 கிராம் கூட ஆகாது.

அயோடினைக் கடற்பாசியின் சாம்பலிலிருந்து கூர்ட்டுவா என்ற பிரெஞ்சுக்காரர் 1811இல் கண்டெடுத்தார். கடலில் உள்ள அப்பொருள் ஆல்ப்ஸ் மலை மண்ணில் அரிது. அங்கே பனிப்பாறைகளும் மழையும் அதனை அரித்துக்கொண்டு போய்விட்டன. அதனால் சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக மக்களுக்குக் கழுத்திற் கழலை தொங்கிற்று. பல குழந்தைகள் செவிடாகவும் ஊமையாகவும் அறிவு வளராதவர்களாகவும் பிறந்தன. குலத்தின் குறை என்றும் தீய காற்று என்றும் பலர் பலவாறு கூறினர்.

1918இல் ஓட்டோ பயார்ட் என்னும் மருத்துவர் ஒரு மலைக் கிராமத்தில் உப்போடு சிறிதளவு அயோடினைக் கலந்து கொடுத்துப் பார்த்தார். 1922இல் அப்பென்செல் பகுதியில் ஹான்ஸ் எக்கன்பெர்கர் என்ற மருத்துவரின் முயற்சியால் அவ்வுப்பு பொது விற்பனைக்கு வந்தது. நாடெங்கும் அது பரவிய பின்னர் அக்குறையோடு குழந்தைகள் பிறப்பது நின்றது. இது எங்கோ நடந்த கதை மட்டுமன்று. நமது மலேசியாவிலேயே சரவாக்கின் உட்பகுதிகளில் கழலை நோய் நெடுங்காலம் இருந்து வந்தது.

இப்போது நமது கேள்விக்கு வருவோம். அந்த மலைக் கிராமத்தில் 1900இல் பிறந்து ஊமையான குழந்தை செய்த குற்றம் என்ன? 1930இல் அதே ஊரில் பிறந்து பள்ளியில் முதலாக வந்த குழந்தை செய்த தவம் என்ன? குலம் ஒன்று, ஊர் ஒன்று, வேறுபட்டது தாய் தின்ற உப்பு ஒன்றே.

"அப்படியானால் முயற்சிக்கு மதிப்பில்லையா? எல்லாம் உப்பின் செயல்தானா?" என்று சிலர் கேட்கலாம். அன்று. உப்பு பாடம் படிக்காது. ஒரே சட்டிச் சோற்றை உண்ட இரு சகோதரர்களில் ஒருவன் உழைக்கிறான், மற்றவன் உறங்குகிறான். உழைத்தவனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் உழைப்பதற்குரிய மூளை அவன் சம்பாதித்ததன்று, அவனுக்குக் கொடுக்கப்பட்டது. கடன் வாங்கிய முதலைக் கொண்டு வாணிபம் செய்தவன் இலாபத்தில் மகிழலாம். முதலும் தன்னுடையதே என்று பேசலாகாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதனின் மதிப்பு அவனுடைய அறிவில்தான் இருக்கிறது என்று கொண்டால், அம்மதிப்பு மளிகைக் கடையில் சில காசுக்குக் கிடைக்கும் பொருளாகிவிடும். உப்புக் கிடைத்தவன் மனிதன், கிடைக்காதவன் அரை மனிதன் என்றாகும். இதனை எந்த நெஞ்சம் ஒப்பும்? ஆகவே அறிவு குன்றிய குழந்தையும் முழு மனிதனே. அவனுக்குரிய மரியாதை அறிவாளிக்குரியதினும் ஒரு குன்றிமணியளவும் குறைந்ததன்று.

பரிசளிப்பு விழாக்களில் முதல் மாணவனுக்கு மாலை சூட்டுகிறோம்; நல்லதே. அவனிடம் ஒன்றையும் சேர்த்துச் சொல்வோம்: "தம்பி, உனக்குக் கிடைத்தது பிறருக்குக் கிடைக்காமற் போயிருக்கலாம். அதற்காகப் பெருமை கொள்ளாதே. அவர்களுக்குத் துணை நில்." வீட்டிலும் பள்ளியிலும் "மக்கு" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுவோம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. உப்பின் விலை கூட இல்லை.