ஊன்றுகோல் நுனியில் ஒரு கூழாங்கல்

மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்றின் பேரில் வேலையிலிருந்து விலகியிருக்கும் ஒருவர், இடையில் வரும் சனிக்கிழமையை எப்படிச் செலவிடலாம் என்னும் கேள்விக்குச் சட்டம் ஒரு விடை சொல்கிறது, மருத்துவம் வேறொரு விடை சொல்கிறது. இரண்டையும் கேட்டு முடித்த பிறகும் கேள்வி தீர்ந்தபாடில்லை. பிறந்த ஊரிலேயே வாழ்பவருக்கு இது அவ்வளவாக எழுவதில்லை. வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கு, அதிலும் இன்னும் எத்தனை ஆண்டு இருப்போம் என்று உறுதியாகத் தெரியாதவருக்கு, வாரக்கடைசிதான் ஓய்வெடுக்கும் நாள், வந்து சேர்ந்த நாட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு வாய்க்கும் நாளும் அதுவே. குணமாகிக்கொண்டிருக்கும் உடலும் அந்த நாளையே கேட்கிறது.

ஜெர்மனியை எடுத்துக்கொண்டால், ஓய்வான சனிக்கிழமையும் நோய்க்காலச் சம்பளமும் அங்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் போராடிப் பெறப்பட்டவை. 1956ஆம் ஆண்டு மே தினத்துக்காக அந்நாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வெளியிட்ட சுவரொட்டியில், சனிக்கிழமைகளில் அப்பா தனக்கே சொந்தம் என்று ஒரு சிறுவன் அறிவித்தான்; வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்னும் கோரிக்கை அந்தக் குழந்தையின் வாய்வழியாக நாட்டுக்குச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்து உலோகத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 16 வாரம் நீடித்தது. நோயுற்ற காலத்தில் அலுவலக ஊழியருக்குக் கிடைத்துவந்த சம்பளப் பாதுகாப்பு ஆலைத் தொழிலாளிக்கும் வேண்டும் என்பதே அதன் முதன்மையான கோரிக்கை. 1957இல் அதில் ஒரு பகுதி சட்டமாயிற்று. 1970 முதல், நோயுற்ற தொழிலாளிக்கு ஆறு வாரம் முழுச் சம்பளத்தை முதலாளியே கொடுக்க வேண்டும் என்றாயிற்று. ஆறு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவக் காப்பீட்டு நிதியம் நோய்க்கால உதவித்தொகை தருகிறது. அது பிடித்தம் போவதற்கு முந்திய சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆனால் கைக்கு வரும் சம்பளத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டாது. இவ்வளவு பாடுபட்டு அமைத்த ஏற்பாட்டை மதிக்கிறவருக்குத்தான் அதை எங்கேனும் தவறாகப் பயன்படுத்திவிட்டோமோ என்ற உறுத்தல் வரும். மதிக்காதவருக்குச் சிக்கலே இல்லை.

வேலைக்குத் தகுதியில்லை என்பதற்கு வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று அங்கே பொருளில்லை; குணமாவதைத் தடுக்கும் எதையும் செய்யக்கூடாது என்பதுதான் நிபந்தனை. 2006இல் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதற்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சொல்லப்படுகிறது. மூளையைத் தாக்கிய அழற்சியால் வேலைக்குத் தகுதியற்றவர் என்று சான்று பெற்றிருந்த ஒருவர் சுவிட்சர்லாந்தின் ட்செர்மாட்டுக்குப் போய்ப் பனிச்சறுக்கில் ஈடுபட்டுக் காலை முறித்துக்கொண்டார்; அவரைப் பணிநீக்கம் செய்தது செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. அவர் செய்துவந்த வேலையோ, பிறர் வேலைக்குத் தகுதியுள்ளவர்களா என்று மதிப்பிடும் மருத்துவப் பணி. இந்த வழக்கில் கோடு எங்கே விழுகிறது என்று எவரும் சொல்லிவிடலாம். பனிச்சறுக்குக்கும் படுக்கைக்கும் நடுவில் உள்ள பரந்த வெளியில்தான் பெரும்பாலோர் வாழ்கிறார்கள், அங்கே கோடு எதுவும் போடப்படவில்லை.

மியூனிக்கில் மென்பொருள் வேலை பார்க்கும், கோவில்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருவரின் நிலை அந்த நடுவெளியைச் சேர்ந்தது. கணுக்காலின் வெளிப்புற எலும்பு முறிந்து, எலும்பையும் எலும்பையும் இணைக்கும் நாரும், அதாவது பேச்சுவழக்கில் லிகமென்ட் எனப்படுவதும், கிழிந்து, அறுவை சிகிச்சையில் தகடு வைக்கப்பட்டது. காலில் முழுப் பாரத்தையும் இறக்கக் கூடாது, 20 கிலோ வரைதான் இறக்கலாம் என்பது தொடக்க வாரங்களின் விதி. இதற்குப் பயிற்சி, குளியலறையில் எடை பார்க்கும் கருவியின்மேல் அடிபட்ட காலை வைத்து, முள் 20ஐத் தொடும்வரை மெல்ல அழுத்தி, அந்த அழுத்தத்தைக் கால் நினைவில் வைத்துக்கொள்ளும்வரை திரும்பத் திரும்பச் செய்வது. பிறகு ‘ஹாம்பர்க் முறை’ என்னும் ஏற்பாட்டில் அவர் வேலைக்குத் திரும்பினார். நாளுக்குச் சில மணி நேரத்தில் தொடங்கிப் படிப்படியாக நேரத்தைக் கூட்டுவது அம்முறை. அது நடக்கும் காலம் முழுவதும், வேலை செய்துகொண்டிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் நோயாளியே. அவர் செய்யாமல் விட்ட வேலையை உடன் பணிபுரிபவர் ஒருவர் எடுத்துச் செய்தார்.

இந்த நிலையில் ஒரு சனிக்கிழமை அவர் மியூனிக்கிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள லெங்ரீஸ் என்ற சிற்றூருக்கு ரயிலில் போய், ஈசர் ஆற்றங்கரையில், ஒற்றை ஊன்றுகோலை ஊன்றியபடி சிறிது தூரம் நடந்துவிட்டு வந்தார். மாதச் சந்தாவுக்கு நாடெங்கும் உள்ளூர் ரயில்களில் போய்வரலாம் என்று 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான பயணச்சீட்டு அவரிடம் இருந்தது. காசு ஏற்கெனவே கட்டியாயிற்று, வீட்டில் இருந்தால் அது வீண் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. அன்றிரவு கணுக்கால் வீங்கிற்று. திங்கட்கிழமை பிசியோதெரபி நிலையத்தில், அவருடைய ஊன்றுகோலைச் சுவரோரம் சாய்த்து வைக்க எடுத்த சிகிச்சையாளர், அதைத் தற்செயலாகத் தலைகீழாகப் பிடித்தபோது, நுனியில் மாட்டியிருக்கும் ரப்பர்க் குமிழின் வட்டப் பள்ளத்தில் சிறிய வெள்ளைக் கூழாங்கல் ஒன்று சிக்கியிருப்பதைக் கண்டார். கட்டைவிரல் நகத்தால் அதை நெம்பி எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். கையைக் கழுவினார். நாடாவை எடுத்துக் கணுக்காலின் சுற்றளவை அளந்து குறித்துக்கொண்டார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நடந்தது இவ்வளவே. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இது மாதக்கணக்கில் ஆறவில்லை. கல்லை எடுத்தது வழுக்காமல் இருப்பதற்காகச் செய்த எளிய பராமரிப்பாக இருக்கலாம். ரப்பரின் பிடிமானம் நோயாளியின் பாதுகாப்பைச் சேர்ந்தது, அதைக் கவனிப்பது சிகிச்சையாளரின் தொழில். அப்படியானால் ஏன் குப்பைக்கூடையில் போடாமல், நோயாளியின் கண்ணுக்கு நேரே, ஜன்னல் விளிம்பில் வைத்தார்? தெரிந்துகொண்டேன் என்பதற்கான அறிவிப்பா அது? அல்லது, வெளியே போய் நடக்கத் தொடங்கிவிட்டாயே என்ற மகிழ்ச்சியா? இன்னொரு செய்தியும் உண்டு. ஆல்ப்ஸ் மலைச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து உருண்டுவரும் ஈசர் ஆற்றின் வெளிறிய கற்கள் மியூனிக் நகருக்குள்ளேயே கிடக்கின்றன. 2000 முதல் 2011 வரை நடந்த சீரமைப்பில், நகருக்குள் எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றுக்குப் பழைய கூழாங்கல் கரை திருப்பிக் கொடுக்கப்பட்டது. எனவே அந்தக் கல் ரயில் ஏறிப் போய்க் கொண்டுவந்ததா, வீட்டுக்குப் பக்கத்தில் நடந்தபோது சிக்கியதா என்று சிகிச்சையாளர் அறிந்திருக்க வழியே இல்லை. கல் எதற்கும் சாட்சியாக முடியாது. ஆயினும் சாட்சிக் கூண்டில் அதை ஏற்றி வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணின் மனமேயன்றி வேறு யாரும் அல்லர்.

இந்த மனத்தின் வேர் கோவில்பட்டியில் இருக்கிறது. அவருடைய தந்தை லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்கும் லோடுமேன். மகள் தொடக்கப்பள்ளியில் படித்தபோது அவர் சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. நாட்டு வைத்தியர் உளுந்து மாவையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வாசல் தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டில் போடப்பட்டது. கூலி நின்றது, ஆச்சியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. அதே சமயம் அந்தக் கட்டிலைச் சுற்றி ஆள் இல்லாத பொழுது கிடையாது. உடன் வேலை செய்தவர்கள் சாத்துக்குடியோடும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் வந்து உட்கார்ந்து, ஊரில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டுப் பிரிப்பதற்கு முன்பே பங்குனி உத்திரம் வந்தது. தெரிந்தவர் லாரியில் ஏறி, கழுகுமலைத் தேர் பார்க்கக் கிளம்பிவிட்டார் தந்தை. “கட்டோட போய் இன்னொண்ண முறிச்சிட்டு வா” என்று ஆச்சி வைதாள். ஆனால் வேலைக்குப் போகாதவன் தேர் பார்க்கப் போகலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் படுத்திருப்பதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஓய்வுக்குச் சம்பளம் கிடைக்கும்போதுதான் ஓய்வுக்குக் கணக்கும் வந்து சேர்கிறது. இதைச் சொல்வதால் கூலியில்லாத அந்த ஓய்வு மேலானது என்று ஆகாது. அடகில் மூழ்கிப்போன சங்கிலியைக் கண்ட எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். பிறகு தந்தை வாழ்நாள் முழுவதும் சற்றே சாய்ந்து நடந்தார். தேருக்குப் போனதால் என்பாள் ஆச்சி. கட்டுச் சரியில்லை என்பார் சித்தப்பா. கால் ஆறுமுன் மூட்டை தூக்கப் போனதால் என்பது அம்மாவின் கட்சி. இன்றுவரை அது தீரவில்லை.

அசைவா, அசையாமையா என்பதில் மருத்துவ நூல்களும் ஒருமனதாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ், பரம்பரையாக எலும்பு கட்டும் வெல்ஷ் குடும்பத்தில் பிறந்து முறையாக மருத்துவம் படித்தவர். அடிபட்ட உறுப்புக்கு இடைவிடாத, நீண்ட ஓய்வு வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. அதே காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் லூக்கா-ஷாம்பியோனியேர் இதற்கு நேர்மாறாக, முறிந்த உறுப்பையும் சீக்கிரமே அசைக்கவும் நீவிவிடவும் வேண்டும் என்று வாதாடினார். பின்னாளில், 1978இல், அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின் ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் சேர்த்து ஒரு சூத்திரமாக்கினார். உலகமெங்கும் விளையாட்டு மைதானங்களில் அது வேதமாயிற்று. பல்லாண்டுகள் கழித்து அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இவற்றையெல்லாம் அந்தப் பெண் வீங்கிய காலைத் தலையணையில் தூக்கி வைத்தபடி படித்து, பாதியை மறந்தும் போனார். மறக்காமல் நின்றது, ஓய்வையே ஓதிய தாமஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் பார்த்தார் என்ற செய்தி. உலகுக்கெல்லாம் ஓய்வு சொன்னவர் தம் ஞாயிற்றுக்கிழமையைப் பிறருக்குக் கொடுத்திருந்தார்.

ஜெர்மனியின் ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி. 1919ஆம் ஆண்டு வைமர் அரசியலமைப்பில் இடம்பெற்று, 1949இன் அடிப்படைச் சட்டத்திலும் தொடரும் பிரிவு ஒன்று, அந்த நாளை வேலையின்றி இளைப்பாறுவதற்கும் உள்ளம் உயர்வதற்கும் உரியதாகக் காக்கிறது. கடைகள் அடைத்திருக்கும். குடும்பத்தோடு இருப்பவருக்கு அந்த அமைதி வரம். ஒற்றை அறையில், தெருவில் ஒருவரையும் அறியாமல், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு, சனியும் ஞாயிறும் சேர்ந்த அந்த இரண்டு நாளில் தொலைபேசியில் தவிர மனிதக் குரலே கேட்காமல் போகலாம். அதிலும் அம்மாவின் குரல் “காலை ஊனாம இருக்கியா?” என்று கேட்கும்; அதே அழைப்பில் அத்தையின் குரல் “அவ்வளவு தூரம் போயிட்டு அறைக்குள்ளயே கெடப்பியாக்கும்?” என்று கேட்கும். ஆற்றங்கரையில் எடுத்த படத்தை அனுப்பும்போது ஊன்றுகோல் தெரியாதபடி ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பினார் அந்தப் பெண். தாழ்வாரத்துக் கட்டிலுக்கு ஊர் தானாக வந்தது. இங்கே ஊர் வராது. ஆள் நடமாட்டத்தைத் தேடி நோயாளிதான் ரயில் ஏற வேண்டும். அந்தப் பயணத்தை வெறும் உல்லாசம் என்று தள்ளிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் சாய்வு.

சாய்வுதான், தீர்ப்பு அன்று. ஏனெனில் சனிக்கிழமை இரவு வந்த வீக்கம் திங்கட்கிழமை காலையிலும் வடியவில்லை. அன்றைய சில மணி நேர வேலையை அவர் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, வலிக்கு நடுவே, அரைகுறையாகத்தான் செய்தார், எஞ்சியது உடன் பணிபுரிபவரின் தலையில் விழுந்தது. ஆற்றங்கரையின் மகிழ்ச்சிக்கு அந்தச் சிறு விலையை வேறொருவரும் சேர்ந்து கொடுத்தாரா? அல்லது அந்த ஒரு நாள் வெளிக்காற்று இல்லாதிருந்தால், முழு வேலைக்குத் திரும்பும் மனமே வராமல், உடன் பணிபுரிபவருக்கு இன்னும் பெரிய பாரம் ஆகியிருக்குமா? கால் பின்னர் நன்றாகவே கூடிற்று. ஆனால் வீட்டிலேயே இருந்திருந்தால் இன்னும் முந்திக் கூடியிருக்குமா என்று ஒப்பிட்டுப் பார்க்க, அதே கால் இன்னொரு முறை முறிந்து, இன்னொரு விதமாக ஆற வேண்டும். அப்படி ஒரு சோதனை யாருக்கும் வாய்க்காது. சிகிச்சையாளரிடம் இப்போது போய்க் கேட்டால் அவருக்குக் கல்லே நினைவிருக்காது. உடன் பணிபுரிபவரிடம் கேட்கலாம். கேட்டால், பரவாயில்லை என்றுதான் சொல்வார். அது உபசாரமா, உண்மையா என்று அந்தப் பெண்ணால் பிரித்தறிய முடியாது, அதனாலேயே அவர் இன்னும் கேட்காமல் இருக்கிறார். கேட்காமல் இருப்பது சரிதானா என்பதும் அவருக்குத் தெளிவாகவில்லை.