நூலின்மேல் பற்றா, நூற்பொருளின்மேல் பற்றா?



நம் சங்கங்களில் இந்நாளில் ஒரு வழக்கு எழுந்துள்ளது. முதியோர் பலர் அச்சிட்ட நூலே நூல் என்கின்றனர். இளைஞர் பலர் கைப்பேசியில் விரியும் மின்னூலே போதும் என்கின்றனர். வாசிப்பு வட்டத்தில் ஒருவர் தாளைப் புரட்ட, மற்றொருவர் திரையைத் தடவ, ஒருவரை ஒருவர் ஏளனமாக நோக்குகின்றனர். கையிலுள்ள சிறு நன்கொடையைக் கொண்டு பழைய நூல்களை மறுபதிப்புச் செய்வதா, அன்றி அவற்றைப் படமெடுத்து மின்னூலாக்குவதா என்ற வினாவும் உடன் எழுகின்றது. இதனை வெறும் சுவை வேறுபாடு என்று தள்ளிவிடலாகாது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் வழிவந்த நமக்கு, நூல் எவ்வடிவில் யார் கையில் இருக்க வேண்டும் என்பது அறம் பற்றிய வினாவேயாகும்.

விருப்பம் என்பது யாது என்று முதற்கண் ஆராய்வோம். ஒருவர், "புது நூலைத் திறந்தவுடன் எழும் மணம் மின்னூலில் உண்டோ?" என்கிறார். மற்றொருவர், "ஓர் அலமாரி நூல்களைச் சட்டைப்பையில் வைத்துச் செல்லும் வசதி தாளில் உண்டோ?" என்கிறார். மூக்கிற்கு மணம் இனிது. கைக்கு எளிமை இனிது. நுகர்ச்சியினின்று வேட்கையும், வேட்கையினின்று பற்றும் பிறக்கும் என்று பகவன் புத்தர் காட்டிய சார்பின் தோற்றம் இங்கும் நிகழ்கின்றது. இனிது என்று உணர்தல் குற்றமன்று. அவ்வுணர்வையே அளவுகோலாக்கி, "யான் விரும்புவதே மேலானது" என்று நிற்பதுதான் பற்று. மஜ்ஜிம நிகாயத்தின் 22ஆம் சூத்திரத்தில் இரண்டு உவமைகள் வருகின்றன. ஆற்றைக் கடந்தபின் தெப்பத்தைத் தலையில் சுமந்து செல்பவன் அறிவுடையவன் அல்லன் என்பது ஒன்று. பாம்பை வாலில் பிடித்தவன் கடியுண்பதுபோல், வாதில் வெல்வதற்காகத் தம்மத்தைக் கற்பவன் கேடடைவான் என்பது மற்றொன்று. தம்மத்தையே தவறாகப் பிடித்தலாகாது எனின், அது எழுதப்பட்ட பொருளைப் பிடித்துக்கொண்டு வழக்காடுதல் எங்ஙனம் பொருந்தும்?

பகவன் தம் கையால் ஒரு நூலும் எழுதினாரல்லர். அவர் மொழிகள் பல தலைமுறைகள் பிக்குகளின் நினைவிலே வாழ்ந்தன. கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் பஞ்சமும் போரும் நேர்ந்து, ஓதுவோர் அருகிவந்த காலத்தில், மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டது. சீனத்தில் கி.பி. 868இல் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட வஜ்ரச்சேதிகா சூத்திரமே, ஆண்டு குறிக்கப்பெற்ற முழு அச்சு நூல்களுள் இன்று கிடைப்பனவற்றில் மிகப் பழையது. ஒருவர் தம் பெற்றோர் பொருட்டு, யாவர்க்கும் இலவசமாக வழங்க அதனைச் செய்வித்தார் என்று அதன் இறுதியிலேயே பொறித்துள்ளது. மியன்மாரின் மண்டலை நகரில் 729 சலவைக்கற் பலகைகளில் திரிபிடகம் வெட்டப்பட்டு, 1868இல் அப்பணி நிறைவேறியது. 1990களில் இகத்புரியின் விபாசனா ஆராய்ச்சி நிலையத்தார் அதனைக் குறுந்தகட்டில் அடக்கினர். நினைவு, ஓலை, மரம், கல், தகடு எனத் தெப்பம் மாறிக்கொண்டே வந்தது. பயணிகள் கரையேற வேண்டும் என்ற கருணை மாறவில்லை.

எப்பொருளும் அநித்தியம். தமிழ்ப் பௌத்தரின் வரலாறே இதற்குச் சான்று. மணிமேகலை பிழைத்தது, 1898இல் உ. வே. சாமிநாதையர் அதனை அச்சேற்றினார். குண்டலகேசியில் சில பாடல்களே எஞ்சின. விம்பசார கதை அழிந்தது. ஓலை செல்லரித்தது மட்டுமே காரணமன்று. ஓலை எக்காலத்தும் செல்லரிக்கும். படியெடுப்பார் உள்ளவரை நூல் சாகாது. படியெடுப்பாரைப் பேணிய விகாரைகள் மறைந்தபோதே நூல்களும் மறைந்தன. மின்னூலும் இவ்விதிக்கு விலக்கன்று. முன் சொன்ன குறுந்தகட்டைச் செருகுதற்குரிய வாயில் இன்றைய கணினிகள் பலவற்றில் இல்லை. அந்நிலையத்தார் அதனை இணையத்திலும் ஏற்றியமையாலேயே அது எளிதில் கிட்டுகின்றது.

பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் சென்னையில் ஒரு பைசா விலையில் தொடங்கிய வார இதழை நினைமின்! 'ஒரு பைசாத் தமிழன்' என்று பிறந்து 'தமிழன்' என்று வளர்ந்த அது, 1914இல் அவர் மறைந்த பின்னரும் தொடர்ந்தது. கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையாராலும் நடத்தப்பெற்றது. சுரங்கத் தொழிலாளரிடையே அதற்கு வாசகர் இருந்தனர். ஆயினும் பல பத்தாண்டுகள் அவ்வெழுத்துக்கள் பொதுமக்கள் கண்ணில் படவில்லை. 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்த பின்னரே தமிழகம் அவரை மீண்டும் அறிந்தது. பழுத்து நொறுங்கும் தாளைச் சிலர் எறியாது காத்தனர். அதனாலேயே அது இயன்றது. தாளை இகழும் இளைஞர் இதனை எண்ணுக. காத்த தாளும் மறுபடி அச்சேறிய பின்னரே பயன்பட்டது என்பதை முதியோர் எண்ணுக.

ஆகவே, விருப்பத்தை விடுத்து இரண்டு வினாக்களால் எவ்வடிவையும் சோதிப்போம். இந்நூல் நம் மனத்தைப் பொருளில் நிறுத்துகின்றதா? இதனைப் பிறர்க்கு ஈய இயலுமா?

முதல் வினாவில் தாளுக்குச் சிறப்புண்டு. 54 ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கி 2018இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, செய்தி கூறும் நூல்களைத் தாளில் படிப்போர் திரையில் படிப்போரினும் சற்று மிகுதியாகப் பொருள் உணர்கின்றனர் என்றும், கதைகளில் அவ்வேறுபாடு காணப்படவில்லை என்றும் கூறுகின்றது. கைப்பேசியில் நான்கு வாய்மைகளைப் படிக்கத் தொடங்குபவன், இரண்டாம் வாய்மையை எட்டுமுன் ஒரு செய்தி மணி ஒலிக்க, வேட்கை யாதென்பதைப் படிப்பதை விடுத்து வேட்கையின் பின்னே ஓடிவிடுகின்றான். ஆயினும் கண்புரை கண்ட பாட்டிக்குத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கலாம். பார்வையற்றவர்க்குக் கருவியே படித்துக்காட்டும். கன்னட நாட்டிலும் மராட்டியத்திலும் வளரும் நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவர், தமிழெழுத்து அறியார். அவர்க்கு நம் அலமாரியின் நூல்கள் ஊமை. அப்பிள்ளைகளின் செவிக்குத் தமிழைக் கொண்டு சேர்க்கும் கருவியை எதன் பெயரால் மறுப்பது?

இரண்டாம் வினாவே பெரிது. ஆலையில் நாம் வேலை செய்த காலத்தில், உணவு இடைவேளையில் ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்பர். ஒரு நூல் பத்து வீடுகளைச் சுற்றி, அட்டை கிழிந்து திரும்பும். விலைக்கு வாங்கும் மின்னூலில் பெரும்பாலும் இது இயலாது. வாங்குவோர் பெறுவது படிக்கும் உரிமம் மட்டுமே. 2009இல் அமேசான் நிறுவனம், தான் விற்ற ஆர்வெல்லின் நூல்களை வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அழித்தது. 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூற்கடையை மூடியபோது, பணம் திருப்பித் தரப்பட்டது, நூல்கள் மறைந்தன. தம்முடையதாக இல்லாததை ஒருவர் எங்ஙனம் தானம் செய்வார்?

இனி, "மின்னூலைப் படியெடுத்து எல்லோர்க்கும் அனுப்புவதே தானம்" என்பாரும் உளர். கொடாததைக் கொள்ளாமை பஞ்சசீலத்தின் இரண்டாவது என்பதை அவர் மறக்கலாகாது. நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை, அவர் வாழ்நாளில் வெளிவந்த நூல்களுக்குப் பதிப்புரிமை உண்டு. அயோத்திதாசர் எழுத்துக்கள் இன்று யாவர்க்கும் உரியன. 1956இல் மறைந்த பாபாசாகேப் அம்பேத்கர் தம் வாழ்நாளில் வெளியிட்டனவும் அவ்வாறே. ஆனால் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. இன்றைய எழுத்தாளரின் உழைப்பும் தனி. கூலி மறுக்கப்பட்ட மரபினர் பிறர் கூலியைப் பறித்து அதற்குத் தம்மப் பணி என்று பெயரிடலாகாது. உரியவரிடம் இசைவு கேட்போம், இசைந்தால் பரப்புவோம்.

அச்சு நூலைப் போற்றுவோர்க்கும் ஒரு சொல். 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலுக்கு மாலை சூட்டி, கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தலைவர் வீட்டில் வைத்திருப்பது எவ்வகை மரியாதை? அன்று, நூலைத் தொடாதே என்று நம்மை விலக்கினர். இன்று நம் பிள்ளைகளை விலக்கும் பூட்டு நம்முடையது. ஈய இயலாத உரிமமும் திறவாத பேழையும் ஒன்றே.

எனவே நாம் கூறும் வழி இது. வந்தனை வேளையில் தாளும் வேண்டா, திரையும் வேண்டா. திரிசரணமும் பஞ்சசீலமும் நெஞ்சிலிருந்து வரட்டும். வாசிப்பு வட்டத்தில் இரண்டும் வரட்டும். செய்தி மணி மட்டும் அடங்கியிருக்கட்டும். நம் முன்னோரின் பழைய இதழ்களை முதலில் படமெடுத்து, ஒரு படியை ஓரிடத்திலன்றிப் பல ஊர்களில் வைப்போம்; பின்னர் மிகவும் வேண்டப்படுவனவற்றை அச்சிடுவோம். நொறுங்கும் தாள் காத்திராது, அச்சகம் காத்திருக்கும். எழுத்தறியாப் பிள்ளைக்கு, கருவியை நம்பி நில்லாது, வாரம் ஒரு மணி நேரமேனும் ஒருவர் அமர்ந்து எழுத்தைக் கற்பிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அச்சேறியது என்பதனாலோ திரையில் வந்தது என்பதனாலோ ஒன்று மெய்யாகிவிடாது. பிடகத்தில் உள்ளது என்பதற்காகவும் ஏற்கவேண்டா, ஆராய்ந்து தெளிந்து ஏற்பீர் என்று காலாமருக்கு உரைத்தவர் நம் ஆசான். எவ்வடிவில் படித்தோம் என்பதன்று, படித்தபின் நம் சினம் ஓர் அணுவேனும் குறைந்ததா, கை ஒரு சாணேனும் பிறர்பால் நீண்டதா என்பதே நூலுக்கு நாம் செலுத்தும் விலை.