காரில்லாதவன் தோற்றவனா?

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஏன் தலை குனிகிறாய், தம்பி? ஆபீசுக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, கேட்டவர்களிடம் "கார் சர்வீஸுக்குப் போயிருக்கு" என்று எதற்கு இந்தப் பொய்? சொந்தக் கார் இல்லாதவன் தோற்றவன் என்று உனக்குச் சொன்னது யார்? கார் விற்கிறவன் சொன்னான். தவணை வசூலிக்கிறவன் சொன்னான். நீயும் நம்பிவிட்டாய்!

அண்ணா சாலை சிக்னலில் ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து பார். ஒரு டன் இரும்புக்குள் ஏசி போட்டுக்கொண்டு ஒரே ஒருவர். அப்படி மூன்று கார் நிற்கும் நீளத்துக்குள், படிக்கட்டு வரை அறுபது பேரை ஏற்றிக்கொண்டு உன் பஸ். சாலையை மிச்சம் பிடித்துக் கொடுப்பவன் நீ. கசங்கிச் சாகிறவனும் நீ. கூச வேண்டியது நீயா?

கூச்சத்தை உதறுவது எப்படி என்று புதுக்கோட்டைப் பெண்களிடம் கேள். 1991இல் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் தோள் கொடுத்தார். "பொம்பளைக்கு எதுக்குடி சைக்கிள்?" என்று தெருமுனையில் கேலி; காது கூசும் பேச்சு. பெடலை நிறுத்தினார்களா? கல்குவாரித் தொழிலாளியும் கூலிப் பெண்ணும் ஆசிரியையும் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லையென்றால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைத்தார்கள், பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊரையே நிறைத்தார்கள். புருஷனோ அண்ணனோ வந்து கூட்டிப்போகட்டும் என்று காத்துக் கிடந்த காலத்துக்கு அன்றே முழுக்கு!

பட்டணத்தில் பிறந்த உனக்கு அந்தத் துணிச்சலில் பாதி போதும். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931லேயே மின்சார ரயில் ஓடிய ஊர் இது. எல்லோருக்கும் பொதுவாக இருந்த வண்டியை 'இல்லாதவர்கள் வண்டி' என்று நாமே இறக்கிவைத்தோம். 2021இலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. உடனே 'ஓசி' என்று ஒரு இளக்காரம். கோடிகளைக் கொட்டி மேம்பாலம் கட்டிக் காரைச் சும்மா ஏறவிடுகிறோமே, அதை ஓசி என்று ஒருவராவது சொன்னதுண்டா?

முடியாத முதியவருக்கும் நோயாளிக்கும் கார் வேண்டும்தான், மறுக்கவில்லை. இரண்டு கால் திடமாக இருக்கும் உனக்கு வேண்டியது ஒழுங்கான நடைபாதை, நேரத்துக்கு வரும் பஸ், பயமில்லாமல் சைக்கிள் மிதிக்க ஓர் ஓரம். யாரும் தட்டில் வைத்துத் தர மாட்டார்கள். கேள்! நடைபாதைமேல் கார் ஏறி நிற்கிறதா? படம் எடு, மாநகராட்சியின் 1913க்குப் போன் போடு. அசையவில்லையா, மறுபடி போடு. பகுதி சபை கூடும் நாளில் பக்கத்து வீட்டு அக்காவையும் மாடி வீட்டுத் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார். "எங்க தெருவிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் இந்தத் தாத்தா விழாமல் நடக்க வழி எங்கே?" என்று கவுன்சிலரைக் கேள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே!